தராசு கேட்டதைத்தான் கை பறிக்கும்
(கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மனிதனை வேலை செய்ய வைப்பது எது என்று பேசச் சொன்னீர்கள். காசு, பயம், பாராட்டு, வெட்கம் எல்லாமே வைக்கும். நம் இலையிலிருந்தே தொடங்குகிறேன்.

நல்ல தூளுக்கு இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் பறிக்க வேண்டும். இது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் காசு எதற்குக் கிடைக்கிறது? எடைக்கு. கையால் கிள்ளினால் மூட்டை நிறைய நேரமாகும். கத்தரி போட்டால் முற்றிய இலையும் காம்புமாகச் சீக்கிரம் நிறைந்துவிடும். மழையில் நனைந்திருந்தால் எடை இன்னும் கூடும். பறிக்கிற அம்மாவை இதற்குத் திட்டாதீர்கள். கூலி எடைக்கு என்றால் அவர் எடையைத்தான் பார்ப்பார். நான் ஒருவன் மட்டும் கொழுந்தாகக் கொடுத்தாலும் அது பேக்டரியில் எல்லார் இலையோடும் கலந்துபோகிறது. உழைப்பு என்னுடையது, விலை ஊருக்கெல்லாம் ஒன்று. தூளின் தரம் இறங்கினால் குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும். அந்த அடி நம் பசுந்தேயிலை விலையில்தான் வந்து விழுகிறது.

சரியாக வைத்த காசு என்ன செய்யும் என்பதையும் இந்த மலையே பார்த்திருக்கிறது. குடித்துவிட்டு வீசிய பாட்டில்கள் காட்டோரத்தில் உடைந்து யானையின் காலைக் கிழித்தன. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. தன் காசு போகிறதே என்ற உறுத்தல், புதிதாகக் காசு வரும் என்ற ஆசையைவிட வலுவானது. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் எழுதியது இதைத்தான். அப்புறம், ஒருவர் வீசினாலும் இன்னொருவர் பொறுக்கிக் கொடுத்துக் காசு வாங்கலாம்.

அதற்காக எல்லாவற்றுக்கும் விலை வைத்துவிடக் கூடாது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையைக் கூப்பிடத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். க்னீஸி, ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு இது. தாமதம் கூடிப்போனது! டீச்சரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், அதுதான் பணம் கட்டுகிறோமே என்றாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. நம் ஹட்டியில், அதாவது நம் ஊரில், சாவு வீட்டுக்கு வராதவருக்கு அபராதம் என்று வைத்துப் பாருங்கள். கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்.

இலைக்கு அந்தப் பயம் வேண்டாம், அது ஏற்கெனவே வியாபாரம். அடுத்த கூட்டத்தில் பேக்டரிக்காரர்களிடம் இதைக் கேளுங்கள்: தராசில் ஏற்றும் முன் நம் கண்ணெதிரே ஒரு பிடி இலையை எடுத்துப் பிரித்துப் பார்க்கட்டும். கொழுந்துக்கு ஒரு விலை, முற்றலுக்கு ஒரு விலை போடட்டும். கூடுதலாக வருவதில் பறித்த கைக்கும் ஒரு பங்கை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.