வெறுவயிற்றில் எதைக் குடிப்பது?

(கிளிநொச்சிப் பக்கக் கிராமமொன்றில், மாதர் சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மாரே, தங்கச்சிமாரே, பின்வாங்கில் இருக்கிற தம்பிமாரே, வணக்கம்.

கந்தசஷ்டிக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. ஆனால் இப்போது விரதத்துக்குச் சஷ்டி வரவேண்டும் என்றில்லை. 16 மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்து, மிச்ச 8 மணித்தியாலத்துக்குள் சாப்பிடுகிற முறையைப் பிள்ளைகள் போனில் பார்த்துத் தொடங்க, தாய்மாரும் தொடங்கிவிட்டீர்கள். மூன்றாம் நாள் என் வீட்டுப் படலையில் வந்து நிற்கிறீர்கள். "மிஸ்ஸி, வயிறு எரியுது. என்னத்தைக் குடிக்கலாம்?" இன்றைக்கு அதைப்பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் பசி. அது நேரம் போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும் என்று பயப்படுகிறோம். கிரெலின் என்ற சுரப்பு நாங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்துக்கு ஏறும். சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். காலை 8 மணிக்குப் புட்டுத் தின்று பழகியவருக்கு அந்த நேரத்தில் வயிறு இரையும். 10 மணிக்கு வயலில் நிற்கும்போது பசி ஞாபகமே இராது. அந்த இடைநேரத்தைக் கடக்க நற்சீரகம் போட்டுக் கொதித்த தண்ணீர் ஒரு கோப்பை போதும். சீரகம் பசியை அடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சூடான தண்ணீர் வயிற்றுக்கு இதமாக இருக்கும், அவ்வளவே வேண்டியது.

வெந்தயத்தின் கதை வேறு. ஊறினால் அதன் நார் பசையாகி, இரைப்பையில் இருந்து சாப்பாடு இறங்குவதை மெதுவாக்கும். ஆகவே விரதம் தொடங்குமுன் சாப்பிடுகிற கடைசிச் சாப்பாட்டோடு ஒரு தேக்கரண்டி ஊறிய வெந்தயம் எடுத்தால் வயிறு நெடுநேரம் நிறைந்திருக்கும். விடிய வெறுவயிற்றில் அள்ளிப் போட்டவர்கள் வயிறு ஊதி, வயிற்றாலேயும் போய் என்னிடம் வந்திருக்கிறார்கள். சுகர் குளிசை போடுகிறவர்களுக்கு வெந்தயம் சீனியை இன்னும் இறக்கும். விரதமும் குளிசையும் வெந்தயமும் ஒன்றாகச் சேரக்கூடாது.

இனி எரிவு. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இரைப்பை புளிநீர் சுரக்கும். அதன்மேல் நாங்கள் சாயத் தேத்தண்ணீரையும் தேசிக்காய்ச் சாற்றையும் இடித்துப் பிழிந்த இஞ்சியையும் ஊற்றுகிறோம். இஞ்சி ஓங்காளத்துக்கு நல்ல மருந்துதான். கர்ப்பிணிகளின் சத்திக்கும் உதவும். ஆனால் பச்சைச் சாறாகக் குடித்தால் வெறுவயிறு தாங்காது. ஒரு சிறு துண்டு வேர்க்கொம்பை, அதுதான் காய்ந்த இஞ்சியை, தட்டி, ஒரு கைப்பிடி மல்லியோடு அவித்து, சீனியில்லாமல் மெல்லியதாகக் குடியுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் இஞ்சியை மருந்தாக எடுக்கக்கூடாது.

பட்டினி கிடந்தால் அல்சர் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமி. அதைக் கண்டுபிடித்த மார்ஷல், வாரன் என்ற இரண்டு அவுஸ்திரேலிய வைத்தியர்களுக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றக் காரணம் நோக்குளிசை. நாற்று நட்டுவிட்டு வந்து நாரி நோவுக்கு வெறுவயிற்றில் டைக்ளோபெனாக் போடுகிற பழக்கம் எங்களிடம் நிறைய இருக்கிறது. அதை நிறுத்தாமல் எரிவுக்குச் சீரகத்தண்ணீர் குடித்து என்ன பயன்?

இதைக் கவனமாகக் கேளுங்கள். நட்சத்திரப்பழம் என்கிற காமரங்காயின் சாறு உடம்பை மெலிய வைக்கும், சுகரை இறக்கும் என்று வெறுவயிற்றில் குடிக்கிறார்கள். அதில் ஒட்சலேற்று என்ற பொருள் அதிகம். வயிற்றில் வேறு சாப்பாடு இல்லாவிட்டால் அது கூடுதலாக இரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தில் பளிங்காகப் படிந்து அடைக்கும். இப்படிச் சிறுநீரகம் பழுதானவர்களைப்பற்றி எங்கள் நாட்டு வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். வவுனியாப் பக்கமெல்லாம் சிறுநீரக வருத்தம் பரவிக்கிடக்கிற மண்ணில் இருக்கிறோம். மரத்தில் காய்த்தது என்பதற்காக அதை நம்பவேண்டாம். சிறுநீரகத்தைக் காக்கவேண்டும் என்பதால்தான் வெயிலில் வேலை செய்கிறவர்கள் தண்ணீரும் குடிக்காமல் விரதம் பிடிக்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வயிற்றுக் குழப்பத்தில் பாதி, விரதத்தை முடிக்கிறபோதுதான் வருகிறது. முறிகண்டியில் பஸ் நின்றதும் ஒரு சரை கச்சான், பிறகு கடையில் இரண்டு ரோல்ஸ் என்று முடித்தால் வயிறு என்ன செய்யும்? பாரணைக்குக் கஞ்சியை விட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது. அரிசிக் கஞ்சியில் இரண்டு பல்லு உள்ளியும் கொஞ்சம் உப்பும் போடுங்கள். அரிசி மா குடலில் சீனியாக உடையும். சீனியும் உப்பும் சேர்ந்து போகும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு உடம்புக்குள் இறங்கும். வயிற்றாலே போகிறபோது கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பைக்கற்றும் அந்த முறையில்தான் வேலை செய்கிறது. கஞ்சி குடித்து அரைமணித்தியாலம் பொறுத்துச் சோறு தின்னுங்கள்.

கஞ்சி என்றதும் சிலர் தலைகுனிந்ததைப் பார்த்தேன். 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாக அதைக் குடித்துத்தான் நாங்கள் உயிரோடு வந்தோம். ஒரு அம்மா சொன்னார், விரதம் பிடித்தால் பிற்பகலில் கை நடுங்கி அழுகை வருகிறது என்று. சுகர் பார்த்தேன், சரியாக இருந்தது. அவருக்கு நான் மருந்து எதுவும் சொல்லவில்லை. விரதத்தை விடுங்கள் அம்மா, முருகன் கோபிக்கமாட்டார் என்றேன். உங்களில் யாருக்கும் அப்படி வந்தால் ஒரு வாய் சோறு தின்னுங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவர்கள், வளர்கிற பிள்ளைகள் இதில் இறங்கவேண்டாம். மலம் தார்போலக் கறுத்தாலோ, சத்தியில் இரத்தம் வந்தாலோ அடுப்படியில் மருந்து தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றாலே போனால் அன்றைக்கு விரதம் இல்லை. ஜீவனி கரைத்துக் குடியுங்கள்.

கிளினிக் கொப்பி கொண்டுவந்தவர்கள் முன்னுக்கு வாருங்கள். என்ன குளிசை என்று பார்த்துவிட்டு ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்கிறேன்.