டெஸ்ட்டுக்கும் நிஜ டேட்டாபேஸையே கன்டெய்னரில் ஓட்ட வேண்டுமா?

அடுத்த கேள்வி. "புரொடக்ஷனில் போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது, டெஸ்ட்டுக்கு மட்டும் எச்2 என்ற இன்-மெமரி டேட்டாபேஸ் வைத்திருக்கிறோம். டீமில், நிஜ போஸ்ட்கிரெஸையே தனியாக அடைத்து ஓட்டும் டாக்கர் கன்டெய்னருக்கு மாறலாம் என்கிறார்கள். மாற்றிப் பார்த்தால் டெஸ்ட் ஓடி முடிய ரொம்ப நேரம் ஆகிறது. மாறத்தான் வேண்டுமா?"

மாறுங்கள். நேரம் ஆவதற்குக் காரணம் வேறு, அதைச் சரிசெய்துவிடலாம். முதலில் எதற்காக மாறச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

எச்2-வில் போஸ்ட்கிரெஸ் மோட் இருக்கிறது, அது போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மோட் எஸ்க்யூஎல் கட்டளைகளின் இலக்கணத்தைத்தான் ஓரளவு ஒத்துப்போக வைக்கும், நடத்தையை அல்ல. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு டிரான்சாக்ஷனுக்குள், அதாவது ஒன்றாகவே முடியவேண்டிய கட்டளைத் தொகுப்புக்குள், புது ரெக்கார்டை இன்சர்ட் செய்கிறீர்கள். அதே கீ ஏற்கெனவே இருந்தால் எரர் வரும். அதைப் பிடித்துக்கொண்டு, அப்டேட் செய்துவிடலாம் என்று கோடு எழுதியிருக்கிறீர்கள். எச்2-வில் அந்த ஒரு இன்சர்ட் மட்டும் தோற்கும், அடுத்த அப்டேட் நன்றாகவே ஓடும், டெஸ்ட் பச்சை. போஸ்ட்கிரெஸில் அப்படி இல்லை. ஒரு ஸ்டேட்மென்ட் தோற்றதுமே அந்த டிரான்சாக்ஷன் முழுவதும் கெட்டுப்போனதாகக் கணக்கு. ரோல்பேக் செய்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும்வரை எந்தக் கட்டளையையும் அது ஏற்காது. முன்கூட்டியே சேவ்பாயிண்ட், அதாவது நடுவில் திரும்பி வர ஒரு குறி, போட்டிருந்தால்தான் தப்பிக்கலாம். அதாவது உங்கள் டெஸ்ட் பாஸ் ஆன அதே கோடு, முதல் டூப்ளிகேட் வந்த அன்றைக்கே புரொடக்ஷனில் விழும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது மைக்ரேஷன், அதாவது டேபிள்களின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்கள். கேன்சல் ஆகாத ஆர்டர்களுக்கு மட்டும் எண் திரும்ப வரக்கூடாது என்று நிபந்தனையோடு ஒரு யூனிக் இண்டெக்ஸ் போடுகிறீர்கள். போஸ்ட்கிரெஸில் இது சாதாரண விஷயம். எச்2-வில் நிபந்தனை வைத்த இண்டெக்ஸே கிடையாது. என்ன செய்வார்கள்? எச்2-வுக்கென்று தனியாக ஒரு ஸ்கீமா ஃபைல் எழுதிவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து, புரொடக்ஷனில் ஓடப்போகும் மைக்ரேஷன் ஸ்கிரிப்டை எந்த டெஸ்ட்டும் தொடுவதில்லை. டெஸ்ட்டுக்கு எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸை வைத்திருப்பவர்களுக்கும் இப்படி வேறுபாடுகள் உண்டு: நீங்களாக ஆன் செய்யாவிட்டால் அது டேபிள்களை இணைக்கும் ஃபாரின் கீயைச் சரிபார்ப்பதே இல்லை.

சரி, வேகத்துக்கு வருவோம். பெரும்பாலும் ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸுக்கும் புதுக் கன்டெய்னர் எழுப்புவதுதான் பிரச்சினை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் போஸ்ட்கிரெஸ் தன் டேட்டா டைரக்டரியை முதலிலிருந்து உருவாக்கும், பிறகு உங்கள் மைக்ரேஷன்கள் எல்லாம் மறுபடி ஓடும். மொத்த ஓட்டத்துக்கும் ஒரே கன்டெய்னர் போதும். மைக்ரேஷனையும் ஒரே தடவை ஓட்டுங்கள். தூக்கி எறியப்போகும் டேட்டா என்பதால் எழுதியது டிஸ்க்கில் சேர்ந்ததா என்று உறுதிசெய்யும் எஃப்சிங்க்கை ஆஃப் செய்துவிடலாம், டேட்டா டைரக்டரியை மெமரியிலேயே வைக்கலாம். புரொடக்ஷனில் ஒருபோதும் செய்யக்கூடாதவை இவை. இங்கே தாராளமாகச் செய்யலாம்.

அப்படியானால் ஒரு டெஸ்ட்டின் டேட்டா இன்னொன்றில் கலக்காதா? ஒவ்வொரு டெஸ்ட்டையும் டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டிக் கடைசியில் ரோல்பேக் செய்வது வேகமான வழி. ஆனால் கமிட் நேரத்தில், அதாவது மாற்றங்களை நிரந்தரமாக்கும்போது, மட்டும் சரிபார்க்கப்படும் கன்ஸ்டிரெயின்ட்கள் (டேட்டா விதிகள்) அதில் சோதிக்கப்படாமலே போகும். உங்கள் கோடே கமிட் செய்யும் இடங்களிலும் இது உதவாது. அங்கெல்லாம் டேபிள்களை டிரங்கேட் செய்து காலியாக்குங்கள். இல்லையென்றால் மைக்ரேஷன் முடிந்த டேட்டாபேஸை டெம்ப்ளேட்டாக வைத்து, டெஸ்ட்டுக்கு ஒரு நகல் எடுங்கள். போஸ்ட்கிரெஸே இதற்கு வசதி தருகிறது. நகல் எடுக்கும்போது அந்த டெம்ப்ளேட்டில் வேறு எந்த கனெக்ஷனும் திறந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, பலர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம். டெஸ்ட் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் கனெக்ஷன் அறுந்துபோகிறது. கன்டெய்னரை உருவாக்கும் போஸ்ட்கிரெஸ் இமேஜ் முதல்முறை எழும்போது, ஆரம்ப வேலைகளுக்காகத் தற்காலிகமாக ஒரு சர்வரை ஓட்டி, அதை நிறுத்திவிட்டுத்தான் உண்மையான சர்வரைத் தொடங்கும். அதனால் "கனெக்ஷன் ஏற்கத் தயார்" என்ற வரி லாகில் இரண்டு முறை வரும். முதல் வரியைப் பார்த்ததும் டெஸ்ட்டைக் கிளப்பினால் பாதியில் அறுந்துபோகலாம். இரண்டாவது வரிக்காகக் காத்திருங்கள். டெஸ்ட்டிலிருந்தே கன்டெய்னர்களை ஓட்டும் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் லைப்ரரியின் போஸ்ட்கிரெஸ் மாட்யூல் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. காலியாக இருக்கும் ஒரு போர்ட்டையும் அதுவே எடுத்துத் தரும், எனவே போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட்டான 5432 என்று கான்ஃபிகில் நிரந்தரமாக எழுதாதீர்கள். அதனிடமே கேட்டு வாங்குங்கள். டெஸ்ட் நடுவில் செத்துப்போனாலும் மிச்சக் கன்டெய்னர்களைத் துடைக்க, ரையுக் என்று ஒரு துணைக் கன்டெய்னரையும் அது ஓட்டுகிறது.

இமேஜ் பெயரில் லேட்டஸ்ட் என்று போடவே போடாதீர்கள். புரொடக்ஷனில் போஸ்ட்கிரெஸ் பதிப்பு 14 என்றால் இங்கேயும் 14. போஸ்ட்கிரெஸ் 15-ல் பப்ளிக் ஸ்கீமாவில் டேபிள் உருவாக்கும் உரிமை எல்லாருக்கும் இயல்பாகக் கிடைப்பது நிறுத்தப்பட்டது. சாதாரண யூசராக மைக்ரேஷன் ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு எண்ணே வேறு முடிவைத் தரும்.

எல்லா டெஸ்ட்டையும் இதற்குள் தள்ள வேண்டாம். வரி கணக்கிடும் ஃபங்ஷனுக்கு டேட்டாபேஸ் எதற்கு? முதலில் மைக்ரேஷன் ஸ்கிரிப்ட்களை மட்டும் கன்டெய்னரில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் கையால் எஸ்க்யூஎல் எழுதிய ரெபாசிட்டரி கிளாஸ்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கடைசி கிளாஸ் மாறியதும் அந்த எச்2 ஸ்கீமா ஃபைலை டெலீட் செய்துவிடலாம்.