அரைவட்ட ஜன்னலுக்கு வெளியே

அனைவருக்கும் வணக்கம். மருந்தாளுநராக வேலைக்குச் சேர்ந்த நாளில் எனக்குக் கிடைத்தது ஒரு ஜன்னல். முன்னால் கண்ணாடி, அதன் அடியில் அரைவட்டமாக ஒரு திறப்பு. சீட்டு உள்ளே வரும், மருந்து வெளியே போகும். பன்னிரண்டு வருடம் அந்தத் திறப்பு வழியாக நான் பார்த்தது பெரும்பாலும் கைகளைத்தான். நடுங்குகிற கை, பிளாஸ்டர் ஒட்டிய கை, அவசரமாக நீளும் கை. "இது காலையில ஒண்ணு, இது ராத்திரி ஒண்ணு, அடுத்தவங்க வாங்க." ஒரு ஆளுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த வேகத்தை நினைத்துப் பெருமைப்பட்டதும் உண்டு.

ஒரு நாள் வார்டிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார். சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்த ஒரு வயதான அம்மாவைச் சேர்த்திருக்கிறார்கள், ஏன் இறங்கியது என்று பிடிபடவில்லை, வீட்டிலிருந்து ஒரு பை நிறைய மருந்து வந்திருக்கிறது, கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்றார். போனேன். பையைக் கட்டிலில் கவிழ்த்தோம். பாதி காலியான அட்டைகள், மூடி இறுகிப்போன சிரப், பெயர் தேய்ந்த கண் சொட்டு மருந்து. அவற்றுக்கு நடுவில் பச்சையாக ஒரு அட்டை, வெள்ளையாக ஒரு அட்டை. பெயர் வேறு, கம்பெனி வேறு. திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் இரண்டிலும் ஒரே மருந்து, சர்க்கரையைக் குறைக்கிற கிளிமெபிரைடு. ஒன்று பழைய டாக்டர் எழுதியது. இன்னொன்று எங்கள் மருந்தகத்தில் வாங்கியது.

"புதுசு வேற, பழசு வேறன்னு நெனச்சேன் தம்பி. ஒரு நாள்கூட விடாம ரெண்டையும் போட்டேன்" என்றார் அந்த அம்மா. சொன்னபடி நடந்துகொண்ட நிம்மதி அவர் குரலில் இருந்தது. வெள்ளை அட்டையில் 'காலை 1' என்று எழுதியிருந்த கையெழுத்து என்னுடையது.

மருந்தகச் சேவையை எப்படி மேம்படுத்தலாம் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கணினி, தானியங்கி அலமாரி எல்லாம் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் மருந்தாளுநர் அந்த ஜன்னலை விட்டு எழுந்து கட்டிலுக்குப் போக வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

நோயாளி உள்ளே வரும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. கனடாவின் டொரோண்டோவில் 151 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. எல்லோரும் வழக்கமாக நான்கு மருந்தாவது சாப்பிடுகிறவர்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டதையும் மருத்துவமனையில் எழுதப்பட்டதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், 53.6 சதவீதம் பேருக்கு யாரும் வேண்டுமென்று செய்யாத வேறுபாடு ஒன்றாவது இருந்தது. அதிகம் நடந்தது, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மருந்து பட்டியலில் விட்டுப்போனது.

விட்டுப்போகாமல் என்ன செய்யும்? நாம் கேட்கிற கேள்வி அப்படி. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் மாத்திரையை மட்டும்தான் சொல்வார்கள். கண்ணில் விடுகிற சொட்டு மாத்திரை இல்லை. மூச்சுக்கு இழுக்கிற இன்ஹேலர் மாத்திரை இல்லை. தோலில் ஒட்டுகிற பட்டை, கருத்தடை ஊசி, மூலிகைப் பொடி, தெரிந்தவர் கொடுத்த வலி மாத்திரை எதுவும் கணக்கில் வராது. ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். "தூங்குறதுக்கு ஏதாவது? வலிக்கு ஏதாவது? வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது?"

அந்தக் கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது. காரணம் மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதம் என்கிற மூட்டு நோய்க்கு அதை வாரம் ஒரு முறைதான் கொடுப்பார்கள். மற்ற மாத்திரைகள் எல்லாம் தினமும் என்று பழகிய கை இதையும் 'தினம் 1' என்று எழுதிவிட்டால், எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், வாய் முழுக்கப் புண் வரும், ரத்த அணுக்கள் சரியும். இப்படி உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. இதில் 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று வெவ்வேறு அளவில் மாத்திரை உண்டு, அது வேறு குழப்பம். நான் உறையின் மேல் 'வாரம் ஒரு முறை' என்பதோடு நிறுத்த மாட்டேன். எந்தக் கிழமை என்று அவரிடமே கேட்டு, 'வியாழன் மட்டும்' என்று எழுதி, எதற்கான மருந்து என்பதையும் கீழே சேர்ப்பேன். கிழமை எழுதிவிட்டால் தினமும் போடத் தோன்றாது.

அடுத்தது ரவுண்ட்ஸ். டாக்டர், நர்ஸ், பயிற்சி டாக்டர்கள் எல்லோரும் கட்டில் கட்டிலாகப் போவார்கள். மருந்தாளுநர் கீழே ஸ்டாக் எண்ணிக்கொண்டிருப்பார். அமெரிக்காவின் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்தாளுநரையும் ரவுண்ட்ஸில் சேர்த்துப் பார்த்தார்கள். 1999-ல் வந்த அதன் முடிவு: மருந்து எழுதுவதில் நேர்ந்து, தடுத்திருக்கக்கூடியதாக இருந்த பாதிப்புகள் 66 சதவீதம் குறைந்தன. புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. ஒரு ஆள் கூடவே நடந்தார், அவ்வளவுதான். மருந்து எழுதி, கீழே வந்து, நான் சந்தேகப்பட்டு, போனில் டாக்டரைப் பிடித்து மாற்றுவதற்கு அரை நாள் ஆகிவிடும். கட்டிலருகே நின்றால், பேனா தாளில் படுவதற்கு முன்பே "சார், இவங்களுக்குக் கிரியாட்டினின் ஏறியிருக்கு, டோஸைக் குறைச்சுக்கலாமா?" என்று கேட்டுவிடலாம். கிரியாட்டினின் ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டாக்டர்கள் கோபப்படுவார்களே என்று இளையவர்கள் கேட்பதுண்டு. முதல் வாரம் கொஞ்சம் முறைப்பார்கள். மூன்றாவது வாரம் நீங்கள் வரவில்லை என்றால் அவர்களே தேடுவார்கள்.

எழுத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மங்கினால் பத்து ஆகிவிடும். .5 என்றும் எழுதாதீர்கள், ஐந்தாகத் தெரியும், 0.5 என்று எழுதுங்கள். இன்சுலினுக்கு 'யூனிட்' என்பதை முழுசாக எழுதுங்கள். சுருக்கமாக எழுதுகிற U என்ற ஒற்றை ஆங்கில எழுத்து சற்று வளைந்தால் பூஜ்யம் போல் ஆகி, 10 யூனிட் 100 ஆகிவிடும். போனில் சொல்லும்போது இன்னொரு வம்பு உண்டு. ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும். நம் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் அந்தக் குழப்பமே இல்லை. தமிழ் தெரிந்தவரிடம் எண்ணைத் தமிழில் சொல்லுங்கள், அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போனை வையுங்கள்.

சரி, கவனமாக இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 2006-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஒரு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளின் வார்டு அலமாரியில் ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் மில்லிலிட்டருக்கு 10 யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பிகள் வைக்கப்பட்டுவிட்டன. குப்பிகள் பார்க்க ஒரே மாதிரி. ஆறு குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது, மூன்று பேர் இறந்தார்கள். மருந்தகத்தில் அந்தத் தவறு நடந்தது ஒரு முறை. வார்டிலோ ஒன்றுக்கு மேற்பட்ட நர்ஸ்கள் அந்தக் குப்பியைக் கையில் எடுத்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் அசட்டையானவர்களா? கண் எதிர்பார்ப்பதைத்தான் பார்க்கும். அதனால் அலமாரியைத்தான் மாற்ற வேண்டும். நீர் கலக்காத பொட்டாசியம் குளோரைடை நேராக ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும், அதன் சின்னக் குப்பியோ பல இடங்களில் வெறும் ஊசித் தண்ணீர் போலவே இருக்கும். அதைச் சாதாரண வார்டில் வைக்கவே கூடாது, மருந்தகத்திலிருந்து கலந்துதான் போக வேண்டும்.

பார்கோடு விஷயமும் இப்படித்தான். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த ஒரு நர்ஸ், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கிற இடத்தில் ஊழியர் காரின் மேல் கருவியைக் காட்டிக் கணக்கு முடித்ததைப் பார்த்தார். காருக்குச் செய்வதை என் நோயாளிக்குச் செய்ய முடியாதா என்று யோசித்தார். நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்யும் முறை அங்கே அப்படித்தான் தொடங்கியது. 2010-ல் வந்த ஓர் ஆய்வில், பார்கோடு வந்தபின் மருந்து கொடுக்கும்போது நேரம் தவறுவதைத் தவிர்த்த மற்ற தவறுகள் 41 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் நம் ஆட்கள் எங்கும் ஒரே மாதிரி. எழுப்ப வேண்டாமே என்று நோயாளியின் பட்டையை இன்னொரு பிரதி எடுத்து மேஜையில் ஒட்டி, அதை ஸ்கேன் செய்வார்கள். அவர்களைத் திட்டுவதற்கு முன் ஸ்கேனரின் பேட்டரி நிற்கிறதா, பட்டை நனைந்தால் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக டிஸ்சார்ஜ். ஆட்டோவோ காரோ வெளியே நிற்கும், மூட்டை கட்டியாகிவிட்டது, அந்த நேரத்தில் நாம் ஆறு மருந்தைப் பற்றி ஆறு நிமிடம் பேசுவோம். "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அந்த அம்மா வீட்டுக்குப் போன அன்று நான் வேறு மாதிரி கேட்டேன். "நான் சரியா சொன்னேனான்னு தெரியலம்மா, வீட்டுல போய் எப்படிப் போடுவீங்கன்னு எனக்குச் சொல்லுங்க." மூன்று மருந்தைச் சரியாகச் சொன்னார். நான்காவதை எடுத்து, "இது தலை சுத்தினா போட்டுக்கறது" என்றார். அது ரத்த அழுத்தத்துக்கானது. தலை சுற்றும்போது போட்டிருந்தால் இன்னொரு முறை விழுந்திருப்பார். மறுபடி உட்கார்ந்தோம். வீட்டில் மிச்சமிருந்த பச்சை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டோம். நிறுத்திய மருந்துகளுக்கென்று அவருடைய தாளில் தனியாக ஒரு பத்தி எழுதினேன். புது மருந்தை எழுதுகிற நாம் நிறுத்தியதை எழுதுவதே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் மருந்தகத்தில் ஒரு நோட்டு போட்டோம். தவறு நடந்தாலும், நடக்க இருந்து தப்பினாலும் அதில் எழுத வேண்டும்; எழுதியவர் மேல் நடவடிக்கை கிடையாது. ஒரு மாதம் வரை யாரும் பேனாவைத் தொடவில்லை. யார்தான் தொடுவார்கள்? அப்புறம் ஒரு சாயங்காலம் நானே எடுத்து முதல் பக்கத்தில் எழுதினேன்: கிளிமெபிரைடு, இரண்டு பெயர், வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்காமல் கொடுத்தது நான். மறுநாள் காலை வந்து பார்த்தால் அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் மூன்று வரி இருந்தது.