எத்தனை டவுன்ரிக்கர் வேண்டும்? ஏஜாக்ஸ் தம்பியின் கேள்வி

வந்த கேள்விகளை வாசித்துக்கொண்டே போனேன். பெரும்பாலும் எந்த ஸ்பூன் (மின்னுகிற உலோகத் தகட்டு இரை), எந்த நிறம், எங்கே மலிவு என்பதுதான். ஒன்றில் மட்டும் நின்றுவிட்டேன். டொரொண்டோவுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கிற ஏஜாக்ஸிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பழைய 18 அடி அலுமினியப் படகு ஒன்று வாங்கியிருக்கிறாராம், பின்னால் 90 குதிரைச் சக்தி எஞ்சின். அவர் கேட்பது டவுன்ரிக்கரைப் பற்றி: ஓடுகிற படகிலிருந்து கம்பியில் கனமான குண்டு ஒன்றை இறக்கி, அதோடு தூண்டில் நூலையும் கிளிப்பில் மாட்டி ஆழத்துக்குக் கொண்டுபோகிற சாமான் அது; மீன் கடித்து இழுத்தால் கிளிப் நூலை விட்டுவிடும். "அண்ணை, கடையில் நாலு டவுன்ரிக்கர் போடச் சொல்கிறார்கள், என்னோடு வேலை செய்கிறவர் இரண்டு காணும் என்கிறார். எத்தனை போடுவது, குண்டு எத்தனை பவுண்டு, சால்மனுக்கும் லேக் ட்ரவுட்டுக்கும் ஒரே சாமான் காணுமா?" இதெல்லாம் வழக்கமான கேள்விதான். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறார்: "மீன் காட்டுகிற கருவியின் திரையில் மீன் நிறையத் தெரியுது அண்ணை, ஒன்றும் கடிக்குதில்லை."

தம்பி, உங்கள் கேள்வியே அதுதான். மேலே எழுதியதெல்லாம் முன்னுரை.

சரி, முன்னுரைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறெங்கோ போகிறேன் என்று கீழே எழுதுவீர்கள். இரண்டு காணும். ஒன்ராறியோ ஏரியில் படகிலிருந்து பிடிக்கும்போது ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம், நீங்களும் மச்சானும் போனால் நாலு. இரண்டு டவுன்ரிக்கரில் போகும், மற்ற இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக டிப்ஸி டைவரில் (நூலைக் கீழேயும் பக்கவாட்டிலும் இழுத்துப் போகிற வட்டத் தட்டு) போகும், கணக்கு முடிந்தது. 18 அடிப் படகில் அதற்கு மேல் தொங்கவிட்டால், இருபது பவுண்டு சினூக் சால்மன் ஒன்று வந்து எல்லாத் தங்கூசியையும் சுற்றி ஒரே சிக்காக்கிவிட்டுப் போய்விடும், பிறகு கத்தியும் கையுமாக நிற்க வேண்டியதுதான். ஈயம் உள்ளே வைத்த லெட் கோர் நூல், நூலைப் பக்கத்துக்கு இழுத்துப் போகிற பிளேனர் போர்ட் எல்லாம் நல்ல சாமான்தான், முதல் வருடம் வேண்டாம்.

டவுன்ரிக்கரைப் பின் மூலைகள் இரண்டிலும் பூட்டுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அலுமினிய விளிம்பு மெல்லியது, அதனால் அடியில் தடித்த தகடு ஒன்று வைத்து, அதையும் சேர்த்துத்தான் போல்ட் போட வேண்டும். குண்டு அடியில் எதிலாவது சிக்கினால் படகு உடனே நிற்காது, அந்த இழுவை முழுக்க அந்த நாலு போல்ட்டில் வந்து விழும். தகடு இல்லாமல் பூட்டி, விளிம்பு கிழிந்து மேலே சுருண்டு நிற்கிற படகுகளை ஸ்கார்பரோ ப்ளஃபர்ஸ் பார்க்கில் படகு இறக்குகிற இடத்தில் பார்த்திருக்கிறேன்.

குண்டு 12 பவுண்டு. பழைய படகோடு சேர்ந்து 8 பவுண்டு குண்டு வந்திருந்தால் அதை வசந்த காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது மீன் மேலேயே நிற்கும். ஜூலை, ஓகஸ்ட்டில் அது சரிவராது. நூறு அடிக்கு இறக்கினால் கம்பி நேராகக் கீழே போவதில்லை, பின்னால் சாயும். 30 பாகை சாய்ந்தால், விட்ட கம்பியின் நீளத்தைக் காட்டுகிற கவுண்டரில் 100 என்று காட்டினாலும் குண்டு இருப்பது கிட்டத்தட்ட 87 அடியில். 45 பாகை என்றால் 70 அடியில். மீன் 95 அடியில் நிற்கிறது என்று திரை காட்டும், நீங்களும் 95 என்று இறக்கிவிட்டு ஏன் கடிக்கவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் ஸ்பூன் அதன் தலைக்கு மேலே இருபது அடி உயரத்தில் போய்க்கொண்டிருக்கும்.

அது பாதிக் கதை. மீதிப் பாதி வேகம். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த கேள்வி ஸ்பூனின் நிறத்தைப் பற்றித்தான் வருகிறது, பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன். உங்கள் திரையில் மணிக்கு 2.5 மைல் என்று வருகிறதே, அது தரைக்கு மேலே படகு போகிற வேகம். மீனுக்கு அது தேவையில்லாத தகவல். மீன் 90 அடியில் நிற்கிறது, அங்கே ஒரு நீரோட்டம் இருக்கிறது, அது மேலே இருக்கிற நீரோட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று சட்டம் இல்லை. மேலே கிழக்கே இழுக்கும், கீழே மேற்கே இழுக்கும். படகு 2.5 என்று காட்டும்போது கீழே ஃபிளாஷர் (இரைக்கு முன்னால் சுற்றி மீனை ஈர்க்கிற பளபளத்த தகடு) தண்ணீரை 1.8 மைலில் வெட்டிக்கொண்டிருக்கலாம், 3.2-லும் போகலாம். 1.8-ல் பெரிய ஃபிளாஷர் சுற்றாது, சும்மா இரண்டு பக்கமும் ஆடும். 3.2-ல் பைத்தியம் பிடித்த மாதிரி சுழலும், பின்னால் வருகிற ஃபிளை (இழைகளால் கட்டிய இரை) அடி வாங்கிக்கொண்டு வரும். சினூக்குக்கு வேண்டியது குண்டுக்குப் பக்கத்தில் 2.2-லிருந்து 2.8 வரைக்கும் உள்ள வேகம். படகில் இல்லை, குண்டில்.

போன ஓகஸ்ட்டில் ஒரு காலை. ப்ளஃபர்ஸுக்கு வெளியே, நூற்றைம்பது அடித் தண்ணீரில், எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு படகு, அதிலும் நம் பெடியன்கள்தான், தமிழ்ப் பாட்டு தண்ணீருக்கு மேலால் வந்துகொண்டிருந்தது. அவர்கள் மேற்கே போகிறார்கள், நாங்கள் கிழக்கே போகிறோம். கடந்து போகும்போதெல்லாம் அவர்கள் தூண்டில் வளைந்திருக்கிறது, எங்களுடையது சும்மா நிற்கிறது. என்னோடு வந்தவர் பெட்டியில் இருந்த எல்லா நிறத்தையும் மாற்றிப் பார்த்துவிட்டார், பச்சை, வெள்ளை, இருட்டில் ஒளிர்வது, ஒன்றையும் விடவில்லை. நான் படகைத் திருப்பி மேற்கே விட்டேன், அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் இடது பக்க டிப்ஸி 'கிர்' என்று ஓடியது. அதே ஃபிளை, அதே ஆழம், திரையில் அதே 2.5. கீழே ஓடிய தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் மாறவில்லை. அவர் இன்னும் தான் கடைசியாக மாட்டின பச்சைதான் பிடித்தது என்கிறார், நான் வாதாடுவதில்லை.

அப்படியானால் கீழே இருக்கிற வேகத்தை எப்படி அறிவது? மிச்சம் பிடித்த இரண்டு டவுன்ரிக்கர் காசு இங்கேதான் போக வேண்டும். குண்டுக்குப் பக்கத்தில் கட்டி இறக்குகிற ஒரு புரோப் இருக்கிறது, ஃபிஷ் ஹாக் என்பது அதில் பேர் போன ஒன்று, அது கீழே உள்ள வேகத்தையும் வெப்பத்தையும் மேலே அனுப்பும். வெப்பம் ஏன் என்றால், தண்ணீர் அடுக்கடுக்காக வேறு வேறு வெப்பத்தில் இருக்கும், மீன் தனக்குப் பிடித்த அடுக்கில்தான் நிற்கும். சினூக் 50-லிருந்து 55 ஃபாரன்ஹீட் வரையுள்ள தண்ணீரைத் தேடிப் போகும், லேக் ட்ரவுட் அதற்கும் குளிர்ந்த இடத்தை, 50-க்குக் கீழே. இது ஒவ்வொரு நாளும் இடம் மாறும். மேற்குக் காற்று, ஊரில் கச்சான் என்போமே, அது இரண்டு நாள் விடாமல் அடித்தால் நம் வட கரையில் மேல் தண்ணீரை வெளியே தள்ளிவிடும், அடியில் இருந்த குளிர்ந்த தண்ணீர் கரையோரமாக மேலே ஏறும். நேற்று 90 அடியில் இருந்த மீன் இன்று 40 அடியில் நிற்கும். கிழக்குக் காற்று அடித்தால் தலைகீழ், சூடான தண்ணீர் கரையில் குவியும், மீன் வெளியே போய்விடும்.

புரோப் வாங்கக் காசு இல்லையா? காசில்லாத வழியும் இருக்கிறது. படகை நேராக ஓட்டாதீர்கள். பெரிய 'எஸ்' மாதிரி வளைத்து வளைத்து ஓட்டுங்கள். ஊரில் தேர் வீதி மூலையில் திரும்பும்போது பார்த்திருப்பீர்கள், உள்வடம் பிடித்தவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள், வெளிவடம் பிடித்தவர்கள் ஓடுவார்கள். அதேதான். திரும்பும்போது உள்பக்கத் தூண்டில் மெதுவாகி இறங்கும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகி மேலே எழும்பும். உள்பக்கம் கடித்தால் வேகத்தைக் குறையுங்கள், வெளிப்பக்கம் கடித்தால் கூட்டுங்கள்.

அப்புறம் டிப்ஸித் தூண்டிலின் நுனியைப் பாருங்கள். நல்ல வேகத்தில் ஃபிளாஷர் சுற்றும்போது நுனி ஒரே தாளத்தில் தலையாட்டிக்கொண்டே இருக்கும். தாளம் நின்று நுனி சும்மா வளைந்தே இருந்தால் ஏதோ பிழை, ஒன்றில் பாசி சிக்கியிருக்கிறது, அல்லது சின்ன மீன் ஒன்று தொங்கிக்கொண்டு வருகிறது, அல்லது வாட்டர் ஃப்ளீ என்கிற சின்னஞ்சிறு நீருயிர். 1998-ல் இந்த ஏரிக்குள் வந்து சேர்ந்த சனியன் அது, ஜூலையில் தங்கூசி முழுக்க நுரைத்த கூழ் மாதிரி ஒட்டி, தூண்டில் நுனி வளையத்தை அடைத்துவிடும், மீனைச் சுற்றிக்கொண்டு வரும்போது பாதியில் ரீல் நின்றுபோகும். மெல்லிய தங்கூசியில்தான் கூட ஒட்டும். டவுன்ரிக்கர் தூண்டிலுக்கு 30 பவுண்டுத் தடித்த தங்கூசி போட்டால் தொல்லை பாதி குறையும்.

டிப்ஸி பற்றி ஒரு சொல். அடித்தட்டை 3-ல் வைத்தால் அகலமாக வெளியே போகும், ஆனால் ஆழம் விட்ட நீளத்தின் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். லைன் கவுண்டர் ரீல் இல்லாமல் இதில் இறங்காதீர்கள், கடித்த நீளம் தெரியாவிட்டால் அடுத்த மீனை எங்கே தேடுவது?

லேக் ட்ரவுட்டுக்கு வருகிறேன். ட்ரவுட் இந்த ஏரியின் சொந்தக்காரர். சினூக், கோஹோ என்ற இரண்டு சால்மனும் பசிபிக் பக்கத்திலிருந்து 1960-களின் கடைசியில் கொண்டுவந்து விடப்பட்ட விருந்தாளிகள், ஏல்வைஃப் மீனைத் தின்று கொழுக்கிறார்கள். சொந்தக்காரருக்கு அவசரம் இல்லை. 1.5-லிருந்து 2 மைல், அதுவும் அடியோடு அடியாக. தூண்டில், ரீல், டவுன்ரிக்கர் எல்லாம் அதேதான் தம்பி, இரைதான் வேறு: பளபளக்கிற தகடுகள் கோத்த கவ்பெல், அதற்குப் பின்னால் ஸ்பின் என் க்ளோ என்கிற சின்னச் சுழலும் இரை. குண்டை இடைக்கிடை அடியில் தட்டவிட்டுத் தூக்குங்கள், சேறு கிளம்பினால் ட்ரவுட் பார்க்க வரும். சினூக் கடித்தால் தூண்டில் விடுபட்டு நிமிர்ந்து துள்ளி உடனே திரும்ப வளையும், குருடனுக்கும் தெரியும். ட்ரவுட் கடித்தால் கிளிப்பே விடுபடாது, நுனி மட்டும் இரண்டு தடவை நடுங்கும். அதைக் கவனிக்காமல் அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு திரிபவர்கள் உண்டு. ஆழத்திலிருந்து தூக்கி வரும்போது மீன் தெரிவதற்கு முன்பே பக்கத்தில் குமிழி குமிழியாக வரும். ட்ரவுட் தன் காற்றுப்பையைத் தானே காலி செய்துகொண்டு வருகிறது. குமிழியைப் பார்த்ததும் மச்சானிடம் வலையை எடுக்கச் சொல்லிவிடலாம்.

இங்கேதான் உங்கள் 90 குதிரை இடிக்கிறது. அது சும்மா கியரில் விழுந்தாலே 3 மைலைத் தொடலாம், ட்ரவுட்டை மறந்துவிட வேண்டும். நான் என்றால் ரிக்கரைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பின்னால் கிக்கர் என்கிற சின்ன எஞ்சின், 9.9 குதிரைச் சக்தியில் ஒன்று பூட்டுவேன். அதற்கு இப்போது காசில்லை என்றால் தண்ணீரில் இழுபட்டுப் படகை மெதுவாக்குகிற ட்ரோலிங் பை இரண்டு வாங்கி இரண்டு பக்கமும் கட்டுங்கள், கயிறு எந்தக் காரணம் கொண்டும் புரொப்பெல்லரை எட்டக் கூடாது. பின்னாலிருந்து அலை வந்து தள்ளும்போது படகு முன்னால் பாய்வதையும் பை பிடித்து நிறுத்தும். படகு பாய்ந்தால் கீழே குண்டும் பாயும், அப்புறம் நான் சொன்ன வேகக் கணக்கெல்லாம் தண்ணீரில்தான்.

பெரிய மீனைச் சமைக்கிறவர்கள் ஒன்ராறியோ அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியை ஒரு தடவை பாருங்கள். இந்த ஏரியின் பெரிய சால்மனையும் ட்ரவுட்டையும் மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று அளவோடு போட்டிருக்கிறது, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அளவு தனி. உயிர்காப்பு அங்கியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, மே மாதத்துத் தண்ணீரில் ஒரு தடவை கை வைத்துப் பாருங்கள், நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

தம்பி, அடுத்த முறை வெளியே போய் வந்து எழுதும்போது மூன்று விஷயம் எழுதுங்கள்: கம்பி எவ்வளவு சாய்ந்தது, எந்தத் திசையில் போனீர்கள், திரும்பும்போது எந்தப் பக்கத் தூண்டில் கடித்தது. ஸ்பூனின் நிறம் எழுதினால் வாசிக்க மாட்டேன். சரி, அடுத்த கேள்வி, பிக்கரிங்கிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.