தட்டை எடுத்தோம், காலைக் காட்டுலயே உட்டுட்டோம்

(பல்லடம் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் நோம்பி (திருவிழா) பட்டிமன்ற மேடை. தலைப்பு: ‘உடல்நலத்துக்குப் பெரிதும் துணை நிற்பது உணவா, உழைப்பா?’ ‘உழைப்பே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவரய்யாவுக்கும், ஒம்பதரை மணி ஆகியும் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்கிற ஊர்ப் பெரியவங்களுக்கும் வணக்கமுங்க.

எதிரணித் தங்கச்சி நல்லாத்தான் பேசுச்சு. ராகிக் களி, கம்மங்கூழ், கொள்ளுப் பருப்புன்னு அடுக்குனதுல எனக்கே வாயூறிப் போச்சு. “எங்க அப்பாரு களி தின்னு எம்பது வயசு வரைக்கும் ஆஸ்பத்திரிப் படி மிதிக்கல”ன்னு முடிச்சுது. நீங்களும் கை தட்டுனீங்க.

ஏந் தங்கச்சி, களியத் தின்னுட்டு அப்பாரு என்ன பண்ணுனாருன்னு சொல்லாம உட்டுட்டியே? கிணத்துல மாடு பூட்டித் தண்ணி எறைக்கற கவலை ஓட்டுனாரு. விடியறதுக்கு முன்னாலயே மாட்டைப் பூட்டுவாங்க. சால்ங்கற பெரிய வாளியில தண்ணி மேல வரோணும்னா மாடு சரிவுல இறங்கோணும். அப்புறம் அதைப் பின்னுக்குத் தள்ளிக்கிட்டே மேடு ஏறோணும். ஒவ்வொரு சாலுக்கும் இதே கூத்து. அந்த உடம்புக்குப் போட்ட தீனிதானுங்க களி. நாம அவரு தட்டை மட்டும் எடுத்துட்டு வந்துட்டோம், காலைக் காட்டுலயே உட்டுட்டோம்.

என் கதையவே சொல்றேன். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கணக்கு எழுதறவன். ரெண்டு வருசமா டிபன் பாக்ஸ்ல சாமைச் சோறு, சர்க்கரை போடாத டீ. காலைல ஒம்பதுக்கு நாற்காலியில உக்காந்தா ராத்திரி எட்டு. போன தை மாசம் ரத்தம் குடுத்துப் பார்த்தா, மூணு மாசச் சராசரி சர்க்கரை 6.9. 6.5 தாண்டுனாலே சர்க்கரை நோய்ங்க. டாக்டர்கிட்டச் சாமைப் பெருமை பேசுனேன். “அதுவும் மாவுச்சத்துதானுங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீங்க?”ன்னாரு. வண்டி நிறுத்துற எடத்துல இருந்து என் மேசைக்கு நாப்பது எட்டு வெச்சாப் போதும். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.

எதிரணிக்கு ஒண்ணு விட்டுக் குடுத்தர்றேன். எடை குறையறதுக்கு வாய்தான் முதல்ல. 2019-ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல 20 பேரை உள்ளயே தங்க வெச்சு ரெண்டு வாரம் பாக்கெட் தீனி மாதிரி ஆலைச் சாப்பாடு, ரெண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரிச் சாப்பாடுன்னு போட்டாங்க. வேணுங்கற அளவு தின்னுக்கலாம். ஆலைச் சாப்பாட்டுல தினமும் 500 கலோரி போலக் கூட உள்ள போச்சு, ரெண்டே வாரத்துல ஒரு கிலோவுக்குக் கிட்ட ஏறிச்சு. அதனால பேக்கரியில நின்னு பப்ஸும் தேங்காய் பன்னும் தின்னுட்டு “நடந்து கரைச்சுக்கறேன்”னு சொல்றவன் எங்க அணி ஆளில்லீங்க.

ஆனா தலைப்பு எடை இல்லியே, உடல்நலமாச்சே! ஒல்லியா இருந்தாப் போதுமா?

லண்டனுக்கு வாங்க. 1953-ல ஜெர்ரி மாரிஸ்ங்கற டாக்டர், போக்குவரத்துத் தொழிலாளிங்க 31,000 பேர் கணக்கை எடுத்து வெளியிட்டாரு. மாடி பஸ். டிரைவர் நாள் பூரா உக்காந்திருப்பாரு. கண்டக்டர் டிக்கெட் குடுக்க மாடிக்கு ஏறி எறங்குவாரு, ஒரு நாளைக்கு 600 படி போல. ஒரே பஸ், ஒரே ரோடு. கண்டக்டருக்கு மாரடைப்பு கம்மி. வந்தாலும் சட்டுன்னு உசுரைக் கொண்டுபோறது டிரைவருக்கு வந்ததுல ஏறக்குறையப் பாதிதான். தபால் துறையிலயும் பார்த்தாரு. தெருத் தெருவா நடந்த தபால்காரர் தப்பிச்சாரு. மாட்டுனது உக்காந்து எழுதுன குமாஸ்தா. அதாவது நானு.

“டிரைவருங்க குண்டா இருந்திருப்பாங்க, அதுதான் காரணம்”னு தங்கச்சி எந்திரிக்கும். மாரிசும் அதை யோசிச்சாருங்க. என்ன பண்ணுனாரு தெரியுமா? கம்பெனி தைச்சுக் குடுத்த யூனிபார்ம் கணக்கைத் தேடி எடுத்து, ஒவ்வொருத்தர் கால்சட்டை இடுப்பளவையும் பார்த்தாரு. திருப்பூர்க்காரனுக்கு இது ரொம்பப் பிடிச்ச எடம்! டிரைவர் இடுப்பு பெருசுதான். ஆனா ஒல்லி டிரைவரையும் ஒல்லி கண்டக்டரையும், குண்டு டிரைவரையும் குண்டு கண்டக்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாலும் கண்டக்டர்தான் தப்பிச்சாரு. மாரிஸ் 99 வயசு வரைக்கும் இருந்தாருங்க.

தசை சுருங்கி விரியறப்போ இன்சுலினுக்குக் காத்துக்கிட்டிருக்காமயே ரத்தத்துல இருக்கிற சர்க்கரைய இழுத்துக்கும். உக்காந்தே கெடக்காம நடுநடுவுல ரெண்டு, மூணு நிமிசம் மெதுவா நடந்தாலே, சாப்பிட்டப்புறம் ஏர்ற சர்க்கரை தணியுதுன்னு 2022-ல பல ஆய்வுகளைச் சேத்துப் பார்த்துச் சொல்லியிருக்காங்க. சும்மா நிக்கறதுல அவ்வளவு பலன் இல்லியாம்.

தினமும் பத்தாயிரம் எட்டு நடக்கோணுமான்னு பயப்படாதீங்க. அது 1965 வாக்குல ஜப்பான்ல ஒரு நடை எண்ணுற கருவிய விக்க வெச்ச பேரு. அமெரிக்காவுல வயசான பொம்பளைங்க 16,000-க்கு மேல பார்த்ததுல, ஒரு நாளைக்கு 2,700 எட்டு நடந்தவங்கள விட 4,400 நடந்தவங்ககிட்டயே சாவு கம்மி. 7,500-க்கு மேல போனா பெரிய வித்தியாசம் இல்ல. நோயாளி முன்னாடியே கம்மியாத்தான் நடப்பாருன்னு ஒரு சந்தேகம் இதுல உண்டு, அதையும் மறைக்கல. உலக சுகாதார நிறுவனம் கேக்கறது வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிசம், வேகமா நடக்கற மாதிரி மிதமான உழைப்பு. ஒரே மூச்சுல பத்து நிமிசமாவது நடக்கோணும்னு வெச்சிருந்த நிபந்தனையையும் 2020-ல எடுத்துட்டாங்க. கட்டுத்தரைக்கும் வாசலுக்கும் நடக்கறதும் கணக்குதான்.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சர்றேன். பந்தியில பொங்கலும் கேசரியும்னு கேள்வி. ரெண்டு அணியும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். சாப்பிட்டுட்டு எங்க அணி மூணு பேரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கப் போறோம், ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. நடுவரய்யாவுக்குக் கார் சொல்லியிருக்காங்களாம். அதை முன்னால அனுப்பிட்டு எங்க கூட நடந்து வந்தீங்கன்னா, தீர்ப்பை நீங்க வாய்தொறந்து சொல்லக்கூட வேண்டாமுங்க.