சிங்க் கூட இல்லாத வீட்டுக்கு மாசம் 700 யூரோவா? ஜெர்மனி வாடகைக் கணக்கு

(திரையில்: காலி அறை. சுவரில் மூடி போட்ட இரண்டு தண்ணீர்க் குழாய்கள். கூரையிலிருந்து தொங்கும் ஒயர்.)

இது என்ன ரூம்னு கண்டுபிடிங்க பார்ப்போம். ஸ்டோர் ரூமா? இல்லை. கட்டி முடிக்காத வீடா? அதுவும் இல்லை. இதுதாங்க சமையலறை. பெயிண்ட் அடிச்சு, துடைச்சு, வாடகைக்கு ரெடியா இருக்கற வீட்டோட சமையலறை. அடுப்பு கிடையாது, அலமாரி கிடையாது, பாத்திரம் கழுவற சிங்க் கூட கிடையாது. சரி, லைட்டையாவது போடுவோம்னு சுவிட்சைத் தட்டினா, மேல பல்பும் இல்லை, ஹோல்டரும் இல்லை. முன்னாடி குடியிருந்தவர் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டார். திருட்டு இல்லைங்க, அது அவரோட சொந்தப் பொருள்.

வணக்கம் மக்களே! ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்பறவங்க விசா, பிளாக்டு அக்கவுண்ட் (செலவுக்குப் பணம் இருக்குன்னு காட்ட முன்கூட்டியே போட்டு வைக்கற கணக்கு), ஃபிளைட் டிக்கெட்னு பைசா சுத்தமா எக்செல் ஷீட் போட்டு வச்சிருப்பீங்க. அதுல 'வாடகை'ன்னு ஒரே ஒரு வரி இருக்கும். இன்னைக்கு அந்த ஒரு வரியைப் பிரிச்சு மேயப் போறோம்.

போரடிக்கற பாகத்தை மூச்சுவிடாம முடிச்சிடறேன். விளம்பரத்துல கால்ட்மீட்டன்னு ஒரு தொகை இருக்கும், அது வெறும் வீட்டுக்கான வாடகை. அதுக்கு மேல நேபன்கோஸ்டன்: தண்ணி, குப்பை, ஹீட்டர், மாடிப்படி சுத்தம் பண்றது, லிஃப்ட், கட்டடத்தோட இன்ஷூரன்ஸ், இதுக்கெல்லாம் சேர்த்து மாசாமாசம் கட்டறது. ரெண்டையும் கூட்டினா வார்ம்மீட்ட. உதாரணத்துக்கு 520 கால்ட், 180 நேபன்கோஸ்டன்னா மொத்தம் 700. வீடு தேடும்போது 520ஐப் பார்த்து மயங்காதீங்க, 700ஐப் பாருங்க. அட்வான்ஸ், அதாவது காவுட்சியோன், மூணு மாச கால்ட்மீட்டக்கு மேல கேட்கச் சட்டத்துல இடமில்லை. நம்ம உதாரணத்துல அதிகபட்சம் 1,560 யூரோ. அதையும் மூணு மாசத் தவணையா கட்ட உங்களுக்கு உரிமை இருக்கு. சென்னையில பத்து மாச அட்வான்ஸ் கொடுத்து நொந்தவங்க கொஞ்சம் சிரிச்சுக்கலாம். புரோக்கர் கமிஷனை 2015லேர்ந்து யார் புரோக்கரை அமர்த்தினாங்களோ அவங்கதான் கொடுக்கணும், பெரும்பாலும் அது ஓனர்தான். வீட்டையே காட்டாம முதல்ல பணம் அனுப்புன்னு ஒருத்தர் சொன்னா, அது மோசடி. பேசிட்டே இருக்காம கட் பண்ணிடுங்க.

அப்பாடா, முடிஞ்சுது. இப்போ எனக்குப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். சமையலறை.

விளம்பரத்துல ஐன்பாவ்கியுஷன்னோ, சுருக்கமா ஈபிகேன்னு மூணெழுத்தோ இருந்தா, சமையல் மேடை, அடுப்பு, சிங்க் எல்லாம் வீட்டோட சேர்ந்தே வரும்னு அர்த்தம். அந்த மூணெழுத்து இல்லைன்னா நீங்க ஆரம்பத்துல பார்த்தீங்களே, அந்த ரெண்டு குழாய்தான். ஹால்ல மரப்பலகைத் தரை, ரெட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல்னு எல்லாத்தையும் விவரமா எழுதியிருப்பாங்க. சமையலறையைப் பத்தி மட்டும் மூச்சு விட மாட்டாங்க. பேசாம விட்டிருக்காங்கன்னா இல்லைன்னு புரிஞ்சுக்கணும்.

அப்போ வழி என்ன? ஒண்ணு, காலி பண்றவர்கிட்டயே அவரோட கிச்சனை விலைக்கு வாங்கறது. இதுக்கு ஆப்லோசன்னு பேர். இங்கதான் பேரம் ஆரம்பிக்குது. அவர் பத்து வருஷத்துக்கு முன்னாடி வாங்கின கிச்சனுக்கு நேத்து வாங்கின மாதிரி விலை சொல்வார். கொஞ்சம் யோசிங்க மக்களே, அவர் நிலைமை என்ன? நீங்க வாங்கலைன்னா அவர் அந்த மொத்த சாமானையும் ஸ்க்ரூ ஸ்க்ரூவா கழட்டி, மாடியிலேர்ந்து இறக்கி, புது வீட்டு மூலைக்கு அளவு பொருந்துமான்னு பார்க்கணும். பொருந்தவே பொருந்தாது. அதனால பேரம் பேசற பலம் உங்க கையிலதான். காய்கறிக் கடையில கொத்தமல்லி கொசுறு கேட்கற வம்சம் நாம, இங்க போய் கூச்சப்படலாமா?

ரெண்டாவது வழி, செகண்ட் ஹேண்ட்லயோ கடையிலயோ வாங்கி நீங்களே மாட்டறது. அலமாரி மாட்டிடலாம், சிங்க் கூட மாட்டிடலாம். எலக்ட்ரிக் அடுப்புல மட்டும் கையை வைக்காதீங்க. பெரும்பாலான வீட்டுல அதுக்குன்னு சுவத்துல தனியா ஒரு பெட்டி இருக்கும். அதுக்குள்ள மூணு ஃபேஸ் லைன், 400 வோல்ட். நம்ம ஊர்ல மோட்டாருக்குக் கொடுக்கற மாதிரி கனெக்‌ஷன், இங்க சாம்பார் வைக்கறதுக்கு! எலக்ட்ரீஷியன்தான் மாட்டணும். அவர் கூலியையும் உங்க ஷீட்ல எழுதிக்கங்க. எல்லாத்துக்கும் சட்டம் போட்டு வச்சிருக்கற நாடு, ஒரு சிங்க்கை மட்டும் போட மாட்டேங்குதேன்னு எனக்கு இன்னமும் ஆறலை. ஈபிகே இருக்கற வீட்டுக்கு மாசம் முப்பது நாப்பது யூரோ அதிகமா கேட்டாலும், ரெண்டு வருஷம் மட்டும் தங்கப் போறவங்க கண்ணை மூடிக்கிட்டு அதையே எடுங்க.

கரண்ட் பில் வார்ம்மீட்டக்குள்ள பெரும்பாலும் வராது. நீங்களே ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போடணும். போடாம விட்டா இருட்டுல உட்கார வேண்டியதில்லை. சுவிட்சைப் போட்ட அந்த நிமிஷமே அந்த ஊரோட அடிப்படை சப்ளையர்கிட்ட நீங்க கஸ்டமர் ஆயிடுவீங்க. அது பெரும்பாலும் விலை ஜாஸ்தியான பிளான். நல்ல வேளையா ரெண்டு வார நோட்டீஸ்ல வெளிய வந்துடலாம். ஒரு யூனிட் சுமாரா 40 சென்ட். தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு இலவசமா கிடைக்கற 100 யூனிட் இங்க 40 யூரோ.

அடுத்து, டிவி இல்லாத வீட்டுக்கு வர்ற டிவி பில்!

வீடு மாறின ரெண்டு வாரத்துக்குள்ள முனிசிபல் ஆபீஸ்ல முகவரியைப் பதியணும். பதிஞ்ச கொஞ்ச நாள்ல ஒரு கடிதம் வரும். வீட்டுக்கு மாசம் 18 யூரோ 36 சென்ட், மூணு மாசத்துக்கு 55 யூரோ 8 சென்ட், அரசு சார்பு இல்லாத பொது டிவி, ரேடியோவுக்கான கட்டணம். "என்கிட்ட டிவியே இல்லையே, ரேடியோவும் இல்லையே"ன்னு பதில் எழுதிப் பிரயோஜனம் இல்லை. 2013லேர்ந்து இது பெட்டிக்கான கட்டணம் இல்லை, வீட்டுக்கான கட்டணம். ஆனா ஒரு வீட்டுக்கு ஒரே கட்டணம்தான். நாலு பேர் சேர்ந்து இருந்தா ஒருத்தர் கட்டி, மத்தவங்க அவரோட கட்டணக் கணக்கு நம்பரைக் கொடுத்துடலாம். ஆளுக்கு 4 யூரோ 59 சென்ட். கடிதம் ஜெர்மன்ல இருக்குன்னு அதைக் குப்பைல போட்டவங்க கதை நிறைய இருக்கு. அபராதம் ஏறிக்கிட்டேதான் போகும், அது தானா மறையாது.

(திரையில்: ரேடியேட்டரின் குமிழ். 1 முதல் 5 வரை எண்கள்.)

இப்போ இந்த வீடியோவோட கரு. வார்ம்மீட்ட 700ன்னு சொன்னேன் இல்லையா, அதுல 180 விலையே கிடையாது. அது மதிப்பீடு. கல்யாண மண்டபத்துல முன்பணம் கட்டிட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் கரண்ட், ஜெனரேட்டர், கிளீனிங்னு மேனேஜர் ஒரு பில் நீட்டுவாரே, அதே கதை. வருஷம் முடிஞ்சதும் உண்மையான செலவைக் கணக்குப் போட்டு, நீங்க கட்டினது குறைவா இருந்தா பாக்கி கேட்பாங்க, அதிகமா இருந்தா திருப்பித் தருவாங்க. அந்தப் பாக்கியில பெரும்பகுதி ஹீட்டர்தான்.

ஹீட்டர் செலவை எப்படிப் பிரிக்கறாங்க? எல்லா வீட்டுக்கும் பொதுவா ஒரே ஹீட்டிங் இருக்கற கட்டடத்துல பொதுவா 50லேர்ந்து 70 சதவீதம் வரைக்கும் நீங்க எரிச்ச அளவை வச்சு. மீதி உங்க வீட்டு சதுர மீட்டரை வச்சு. அதாவது, ஸ்வெட்டர் ரெண்டு போட்டுக்கிட்டு ஹீட்டரைத் தொடாமலே இருந்தாலும் ஒரு பங்கு வந்தே தீரும்.

இப்போ கேளுங்க, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. நம்ம பசங்க பெரும்பாலும் எப்போ வர்றாங்க? அக்டோபர், குளிர்கால செமஸ்டருக்கு. வருஷ நடுவுல குடி வந்தா அந்த சதுர மீட்டர் பங்கை முன்னாடி இருந்தவருக்கும் உங்களுக்கும் பிரிக்கணும். நடுவுல மீட்டர் ரீடிங் எடுக்காம விட்டிருந்தா எரிச்ச பங்கையும் பிரிக்கணும். பன்னெண்டால வகுப்பாங்கன்னு நினைப்பீங்க. பெரும்பாலும் அப்படிப் பண்ண மாட்டாங்க. அதுக்குன்னு ஒரு அட்டவணை இருக்கு. வருஷத்தோட மொத்தக் குளிரை ஆயிரம் பங்கா வச்சு, மாசத்துக்கு இவ்வளவுன்னு பிரிச்சிருக்காங்க. ஜனவரிக்கு 170. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணுக்கும் சேர்த்தே 40. அக்டோபர் 80, நவம்பர் 120, டிசம்பர் 160. கடைசி மூணையும் கூட்டுங்க: 360.

கணக்கு பாருங்க. வீட்டோட வருஷ ஹீட்டர் செலவு 1,200 யூரோ, அதுக்காக மாசம் 100 வசூலிக்கறாங்கன்னு வச்சுக்குவோம். அக்டோபர்ல வந்தவர் டிசம்பர் முடிய 300 கட்டியிருப்பார். முழுத் தொகையையும் அட்டவணைப்படி பிரிச்சா அவர் பங்கு ஆயிரத்துல 360, அதாவது 432 யூரோ. 132 யூரோ பாக்கி. அவர் ஒரு தப்பும் பண்ணலை, ஜன்னலைத் திறந்து போட்டுட்டுத் தூங்கலை, குடி வந்த மாசம் அப்படி. அதே வீட்டுல ஜனவரிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் இருந்துட்டுப் போனவருக்கு அதே 132 திரும்பப் போகும். முதல் பில்லைப் பார்த்து "ஓனர் ஏமாத்திட்டான்"னு வாட்ஸ்அப் குரூப்ல கொதிக்கறவங்கள்ல பல பேர் குடி வந்தது அக்டோபர்லதான். (நிறுத்தி யோசிக்கறவங்க யோசிங்க, அதுக்குள்ள சப்ஸ்கிரைப் பட்டனையும் தட்டிடுங்க.)

அந்தக் குமிழைப் பத்தியும் சொல்லணும். ரூம் சில்லுனு இருக்குன்னு நேரா 5ல வைக்கறாங்க, சீக்கிரம் சூடாகும்னு. ஆகாது. அந்த நம்பர் வேகம் இல்லை, எந்தச் சூட்டுல நிறுத்தணும்னு சொல்றது. 3ன்னா ஏறக்குறைய 20 டிகிரி. 3லயும் 5லயும் ரூம் ஒரே வேகத்துலதான் சூடாகும், ஆனா 5 நிக்காம ஓடும். அதே மாதிரி ஜன்னலை நாள் முழுக்க லேசா சாய்ச்சு வைக்காதீங்க. அஞ்சு பத்து நிமிஷம் முழுசாத் திறந்துட்டு மூடிடுங்க. திறக்காமலே இருந்தா இன்னும் மோசம். தாளிச்ச ஆவி, ரூமுக்குள்ள காயப்போட்ட துணி எல்லாம் சேர்ந்து சுவத்துல பூஞ்சை பிடிக்கும். அப்புறம் அட்வான்ஸ்ல கை வைப்பாங்க.

பில் வந்தா உடனே கட்டிடாதீங்க. கணக்கு வருஷம் முடிஞ்ச 12 மாசத்துக்குள்ள அது உங்க கைக்கு வந்திருக்கணும். 2024 ஜனவரி டு டிசம்பர் கணக்குன்னா 2025 டிசம்பர் 31 கடைசி நாள். ஓனரோட தாமதத்தால அதுக்கப்புறம் வந்தா பாக்கி கேட்க முடியாது, உங்களுக்குத் திரும்ப வர வேண்டியது இருந்தா மட்டும் அது செல்லும். எதையெல்லாம் வசூலிக்கலாம்னு 17 இனம் சட்டத்துல இருக்கு. ஓனரோட நிலவரி அதுல இருக்கு, ஆமாம், அதை நீங்கதான் கட்டறீங்க! ஆனா ரிப்பேர் செலவும் நிர்வாகச் செலவும் கிடையாது. அது ரெண்டும் பில்லுல நைசா நுழைஞ்சிருக்கான்னு பாருங்க. கேபிள் டிவியைக் கூட 2024 ஜூலைலேர்ந்து இதுல சேர்க்க முடியாது. சந்தேகம் இருந்தா ஒரிஜினல் ரசீதைக் காட்டச் சொல்லலாம். ஆட்சேபம் எழுத உங்களுக்கும் 12 மாசம் டைம் இருக்கு. ஜெர்மன் கடிதம் எழுத வராதுன்னா ஊருக்கு ஊர் குடித்தனக்காரர் சங்கம் இருக்கு, மீட்டர்ஃபெரைன். சந்தா கட்டி மெம்பர் ஆனா அவங்க சரிபார்த்துத் தருவாங்க.

சில்லறை விஷயங்கள். குப்பையைப் பிரிச்சுப் போடலைன்னா மொத்தக் கட்டடத்துக்கும் செலவு ஏறும், பக்கத்து வீட்டுப் பாட்டி உங்களைத்தான் பார்ப்பாங்க. ஸ்டுட்கார்ட் பக்கம் போறவங்களுக்கு கேர்வோஷ இருக்கு: உங்க முறை வந்தா கதவுல ஒரு சின்னப் பலகை தொங்கும், அந்த வாரம் மாடிப்படியை நீங்க துடைக்கணும். ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் இன்ஷூரன்ஸ், அதாவது நீங்க அடுத்தவங்களுக்கு ஏற்படுத்தற நஷ்டத்துக்கான காப்பீடு, கட்டாயம் இல்லை, ஆனா எடுத்துடுங்க. கட்டடத்தோட பூட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்த ஒரே சாவி அமைப்பா இருந்து, நீங்க மெயின் கதவு சாவியைத் தொலைச்சா, எல்லாப் பூட்டையும் மாத்தற செலவு உங்க தலையில விழலாம். பாலிசி எடுக்கும்போது சாவி தொலைஞ்சா பணம் தருமான்னு கேட்டு எடுங்க.

கடைசியா காலி பண்றது. மூணு மாச நோட்டீஸ். சாவி வாங்கின அன்னைக்கும் கொடுக்கற அன்னைக்கும் மீட்டர் ரீடிங், சுவத்துக் கீறல் எல்லாத்தையும் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. போட்டோவும் எடுத்து வச்சுக்கங்க. அட்வான்ஸ் அன்னைக்கே முழுசா கைக்கு வரும்னு எதிர்பார்க்காதீங்க. அந்த வருஷக் கணக்கு இன்னும் வரலைன்னா, ஓனர் ஒரு நியாயமான பகுதியை அது வர்ற வரைக்கும் பிடிச்சு வச்சுக்கலாம். அதனால ஊருக்குத் திரும்பறவங்க ஜெர்மன் பேங்க் அக்கவுண்ட்டை அவசரப்பட்டு மூடாதீங்க, புது முகவரியையும் ஓனருக்கு எழுதிக் கொடுத்துட்டு ஃபிளைட் ஏறுங்க.

உங்களுக்கு முதல் பில்லுல பாக்கி வந்துச்சா, பணம் திரும்ப வந்துச்சா? தொகையோட, எந்த மாசம் குடி வந்தீங்கன்னும் கமெண்ட்ல போடுங்க. அக்டோபர் ஆட்கள் எத்தனை பேர்னு நான் எண்ணிப் பார்க்கறேன்.