கேட்கணும், கேட்டபடி நடக்கணும்: பேராக் நாட்டை மாத்தின ஒரு வரி

[திரையில்: மலாயாவின் மேற்குக் கரை வரைபடம். பங்கோர் தீவின் மேல் ஒரு புள்ளி.]

1874 ஜனவரி 20. பங்கோர்ங்கிற சின்னத் தீவுக்குப் பக்கத்துல ‘புளூட்டோ’ன்னு ஒரு பிரிட்டிஷ் நீராவிக் கப்பல் நங்கூரம் போட்டு நிக்குது. உள்ளே ஒரு பக்கம் பேராக் நாட்டு மலாய்ப் பிரபுக்கள். பேராக் இன்னைக்கு மலேசியாவுல ஒரு மாநிலம். இன்னொரு பக்கம் சிங்கப்பூர்ல இருந்து வந்த கவர்னர் ஆண்ட்ரூ கிளார்க். அன்னைக்கு அங்கே கையெழுத்தான ஒப்பந்தத்தோட ஆறாவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, சுல்தான் தன் நாட்டுல ஒரு பிரிட்டிஷ் அதிகாரிக்கு இடம் கொடுக்கணும். அவருக்குப் பேரு ரெசிடென்ட். மலாய் மதமும் வழக்கமும் தவிர மத்த எல்லா விஷயத்துலயும் அவரோட ஆலோசனையைக் கேட்கணும். கேட்டபடி நடக்கணும்.

கடைசி ரெண்டு சொல்லைக் கவனிச்சீங்களா? ஆலோசனைன்னா கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லவும் உரிமை இருக்கணும். இங்கே அது இல்லை. ‘பாதுகாப்பு நாடு’, இங்கிலீஷ்ல புரொடெக்டரேட்னு சரித்திரப் புத்தகத்துல படிக்கிறோமே, அது எப்படி வேலை செஞ்சதுன்னு புரிஞ்சுக்க இந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டே போகலாம்.

காலனின்னா சங்கதி நேரடியானது. நாடு பிரிட்டிஷ் மகாராணியோடது, சட்டம் அவங்களோடது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூணும் அப்படித்தான் இருந்துச்சு. பாதுகாப்பு நாட்டுல சுல்தான் சிம்மாசனத்துலயே இருப்பார். கொடி அவரோடது, முத்திரை அவரோடது, சட்டமும் அவர் பேர்லதான் வரும். அதை எழுதுறது மட்டும் வேற கை. நம்ம பக்கம் இது புதுசு இல்லை. 1799ல தஞ்சாவூர் சரபோஜி மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டப்போ ராஜ்ஜியம் அவங்க கைக்குப் போச்சு, அவருக்கு மிஞ்சினது கோட்டையும் அதைச் சுத்தின கொஞ்ச இடமும்தான். அங்கேயும் ஒரு ரெசிடென்ட் இருந்தார்.

சரி, பேராக் ஏன் கையெழுத்துப் போட்டுச்சு? பேராக்குல லாருட்ங்கிற பகுதியில ஈயச் சுரங்கத்துக்காக ரெண்டு சீனக் கூட்டங்கள், கீ ஹின், ஹாய் சான், வருஷக்கணக்கா ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்டு இருந்தாங்க. அதே சமயம் அரியணைக்கும் சண்டை. 1871ல சுல்தான் அலி இறந்ததும் பட்டத்துக்கு வரவேண்டிய ராஜா அப்துல்லாவை விட்டுட்டுப் பிரபுக்கள் இஸ்மாயிலைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. என்னைச் சுல்தானா ஏத்துக்கோங்க, ரெசிடென்ட்டை அனுப்புங்கன்னு அப்துல்லா கவர்னருக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு அரியணை கிடைச்சுது, ஈயம் இருக்கிற நாட்டுக்குள்ளே நுழைய பிரிட்டிஷ்காரங்களுக்கு வாசல் கிடைச்சுது. பட்டத்துல இருந்த இஸ்மாயில் அந்தக் கப்பலுக்கு வரவே இல்லை. குடிமக்களை யாரும் கேட்கவும் இல்லை.

இன்னொரு பிரிவும் இருக்கு. ரெசிடென்ட்டுக்கும் அவர் ஆட்களுக்கும் ஆகிற செலவு எவ்வளவுன்னு சிங்கப்பூர்ல இருக்கிற பிரிட்டிஷ் காலனி அரசு முடிவு பண்ணும், பேராக் வருமானத்துல முதல்ல அதைத்தான் எடுக்கணும். பாதுகாக்க வந்தவருக்கு முதல் பங்கு, நாட்டுக்கு மிச்சம்.

[திரையில்: பேராக் ஆறு. கரையோரம் கட்டின மிதவைக் குளியலறையின் கோட்டோவியம்.]

முதல் ரெசிடென்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச். இலங்கையில பல வருஷம் வேலை பார்த்துட்டு வந்தவர். பேராக்குல அப்போ கடன் அடிமை முறை இருந்துச்சு. வாங்கின கடனைக் கட்ட முடியாதவரும் அவர் குடும்பமும் பிரபுவோட வீட்டுல அடிமை வேலை பார்க்கணும். தப்பி ஓடி வந்தவங்களுக்கு பர்ச் அடைக்கலம் கொடுத்தார். அந்த விஷயத்துல நான் பர்ச் பக்கம்தான். ஆனா அவர் அதோட நிக்கலை. ஆத்துல போற சரக்குக்குப் பிரபுக்கள் பரம்பரையா வாங்கிட்டிருந்த வரியையும் பிடுங்கி ஒரே கஜானாவுல சேர்க்கப் பார்த்தார். மலாய் மொழியும் அவருக்குச் சரியாத் தெரியாது.

1875 நவம்பர் 2. பாசிர் சாலாக்ங்கிற ஆத்தங்கரைக் கிராமம். இனிமே நிர்வாகம் பிரிட்டிஷ் அதிகாரிகள் கையிலன்னு சுல்தான் பேர்ல அச்சடிச்ச அறிவிப்போட பர்ச் வந்து இறங்கினார். அவரோட மொழிபெயர்ப்பாளர் ஒரு சீனத் தட்டான் கடைச் சுவத்துல அதை ஒட்டினார். ஊர்க்காரங்க கிழிச்சாங்க. பர்ச் அப்போ ஆத்துல மிதந்த குளியலறைக்குள்ளே குளிச்சுக்கிட்டு இருந்தார். தட்டிச் சுவரு வழியா ஈட்டி பாய்ஞ்சுது. மொழிபெயர்ப்பாளரையும் கொன்னுட்டாங்க.

உடனே பட்டாளம் வந்துச்சு. அந்த ஊர்த் தலைவர் மகாராஜா லேலாவை 1877 ஜனவரி 20ல தூக்குல போட்டாங்க. தேதியைப் பாருங்க, ஒப்பந்தம் கையெழுத்தாகி சரியா மூணு வருஷம். ரெசிடென்ட்டைக் கூப்பிட்ட அப்துல்லாவையே கொலைச் சதியில பங்குன்னு சொல்லி இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினாங்க. பாதுகாப்பு கேட்டவரைப் பாதுகாத்தவங்களே கப்பல் ஏத்தி அனுப்பின இடத்துல எனக்கு எப்பவும் மனசு கனக்கும்.

அதே 1877ல ஹியூ லோ ரெசிடென்ட்டா வந்தார். மலாய் பேசுவார், பிரபுக்களை மன்றத்துல உட்கார வெச்சுப் பேசுவார், வரி போனவங்களுக்குப் படி கொடுப்பார். அதிகாரம் துளியும் குறையலை, பேச்சு மட்டும் பதமா மாறிச்சு. கோலாகங்சார்ல தன் வீட்டுத் தோட்டத்துல அவர் ரப்பர் கன்னுகளையும் நட்டார். அந்தத் தலைமுறை மரம் ஒண்ணு இன்னைக்கும் அந்த ஊர்ல நிக்குது. மலேசியத் தமிழர்கள் பால்மரம்னு சொல்வாங்களே, அதுதான்.

1896ல பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நாலையும் சேர்த்து ஒரு கூட்டாட்சி ஆக்கிட்டாங்க. தலைநகர் கோலாலம்பூர். அதுக்கப்புறம் நாலு நாட்டு அரசர்களுக்கும் மேல ஒரே ரெசிடென்ட் ஜெனரல்.

இந்த இடத்துல, அந்தக் கூட்டாட்சியில சேராத தெற்கு நாடான ஜொகூரோட சுல்தான் வழக்கைச் சொல்லணும். அபு பக்கர் சுல்தான் இங்கிலாந்துல ஆல்பர்ட் பேக்கர்னு வேற பேர்ல இருந்தப்போ, கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொல்லி ஏமாத்திட்டார்னு ஒரு பெண் வழக்குப் போட்டாங்க. இவர் உண்மையிலேயே ஒரு நாட்டு அரசரான்னு நீதிமன்றம் காலனி அலுவலகத்தைக் கேட்டுச்சு. ஆமா, சுதந்திர அரசர்தான்னு பதில் வந்துச்சு. 1894ல வழக்கு தள்ளுபடி. இருபது வருஷம் கழிச்சு, 1914ல, அதே ஜொகூர் தலையில ஒரு பிரிட்டிஷ் ‘பொது ஆலோசகரை’ வெச்சாங்க. அவரோட ஆலோசனையையும் கேட்டபடி நடக்கணும்.

நீதிமன்றத்துல இருந்த இந்தக் காகித சுதந்திரம் தோட்டத்து லயத்துக்கும், அதாவது தொழிலாளர்களோட வரிசை வீடுகளுக்கும், வந்துச்சு. எனக்கு இதுதான் முக்கியமான பகுதி.

[திரையில்: நிபோங் திபால், பாரிட் புந்தார். ரெண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு.]

நிபோங் திபாலும் பாரிட் புந்தாரும் சில கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற பக்கத்துப் பக்கத்து ஊர்கள். முதல் ஊர் பினாங்கோட சேர்ந்தது, அதாவது காலனி மண். ரெண்டாவது பேராக், சுல்தானோட நாடு. ரெண்டு பக்கமும் நம்ம ஊர்கள்ல இருந்து போன தமிழர்கள் தோட்ட வேலை பார்த்தாங்க. ஆள் சேர்த்து மேற்பார்வை பார்க்கிற ஒரே கங்காணி முறை, ஒரே லயம், விடியக்காலையில ஒரே தப்பு மேளம். இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை பிறந்ததா வெச்சுக்கங்க. ஒரு குழந்தை பிரிட்டிஷ் மண்ணுல பிறந்தது. இன்னொண்ணு, சட்டத்தோட கண்ணுல, வெளிநாட்டுல பிறந்தது.

1948ல சுல்தான் நாடுகளையும் பினாங்கு, மலாக்காவையும் சேர்த்து மலாயா கூட்டமைப்பு வந்தப்போ யார் குடிமக்கள்ங்கிற கேள்வி வந்துச்சு. சுல்தானோட பிரஜைகளுக்குத் தானாவே குடியுரிமை. பினாங்குலயோ மலாக்காவுலயோ பிறந்து கூட்டமைப்புக்குள்ளே நிரந்தரமா இருக்கிற பிரிட்டிஷ் பிரஜைக்கும் தானாவே குடியுரிமை. ஆனா பேராக்குல பிறந்த தோட்டத்துப் பிள்ளைக்குத் தன் பிறப்பு மட்டும் போதாது. அப்பாவும் இந்த மண்ணுல பிறந்திருக்கணும், இல்லாட்டி தொடர்ந்து 15 வருஷம் இங்கே இருந்திருக்கணும். நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி வந்த அப்பாவுக்கு அதை எந்தக் காகிதத்தை வெச்சு நிரூபிக்கிறது? மனுப் போட்டு வாங்க வேற வழி இருந்துச்சு. அதுக்கு இருந்த காலத்தைக் காட்டணும், மலாயோ இங்கிலீஷோ பேசத் தெரியணும். விடியறதுக்கு முன்னாடி பால்மரக் காட்டுக்குள்ளே போறவங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க யார் இருந்தா?

1957 ஆகஸ்ட் 31ல சுதந்திரம் வந்துச்சு. அன்னைல இருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த மண்ணே போதும்னு ஆச்சு. 1962ல அந்தக் கதவும் கொஞ்சம் சாத்தப்பட்டுது: அப்பா அம்மாவுல ஒருத்தராவது குடிமகனாவோ நிரந்தரவாசியாவோ இருக்கணும். முன்னாடியே பிறந்தவங்கள்ல மனுப் போடாம, போடத் தெரியாம விட்டவங்க பலர் சிவப்பு ஐசியோட, அதாவது சிவப்பு அடையாள அட்டையோட, நின்னாங்க. நீல ஐசி குடிமகனுக்கு, சிவப்பு நிரந்தரவாசிக்கு. ஐம்பது வருஷம் அதே மண்ணுல பால் வெட்டின பாட்டிமார் பேரப்பிள்ளைகளோட நீல அட்டைக்குப் பக்கத்துல தங்களோட சிவப்பு அட்டையை மஞ்சப்பையில மடிச்சு வெச்சுக்கிட்டு, பதிவு அலுவலக வரிசையில காத்திருந்தாங்க.